சர்க்கரை அளக்கப் போன வீடுகள்

ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கிறவர்கள் தனி ஜாதி. ஆய்வேட்டின் அட்டையில் அடுத்தவர் பெயர் இருக்கும், உள்ளே இருக்கிற எண்கள் எல்லாம் எங்கள் கால்வலி. கையில் அட்டையும் பேனாவுமாகக் கதவைத் தட்டி, "சோப்புப் பவுடரெல்லாம் வேண்டாம் போங்க" என்று ஒரு தடவையாவது துரத்தப்பட்டவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் சரஸ்வதி அக்காவிடம் கள உதவியாளராகச் சேர்ந்தேன். அக்கா ஒரு கல்லூரியில் உணவியல் ஆசிரியை. ராகி, தினை, கொள்ளு, வெந்தயம் எல்லாம் வறுத்து அரைத்த ஒரு மாவைத் தினமும் சாப்பிட்டால் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை குறையுமா என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. மாவு அக்காவின் பொறுப்பு. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு டாக்டர், கணக்குப் போட ஒரு புள்ளியியல் சார், பஸ் ஏறி இறங்க நான்.

அக்காவின் ஆய்வுப் பதிவை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. வருகிற ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருட உழைப்பும் போச்சு என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா என்னிடம் முதலில் நீட்டியது அந்தக் கடிதத்தைத்தான்.

எல்லாவற்றுக்கும் ஒன்பது

மாவு உடம்புக்கு நல்லதா என்பது அப்புறம், வாயில் வைக்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் மாதர் சங்கத்துப் பெண்களை உட்காரவைத்து, மாவில் சுட்ட அடையைக் கொடுத்தோம். மிக மோசம் என்றால் ஒன்று, மிக நன்று என்றால் ஒன்பது. மனதில் பட்டதை எழுத வேண்டும். முதல் அடைக்கு எல்லாரும் ஒன்பது போட்டார்கள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். வெந்தயம் தூக்கலாக இருந்த இரண்டாவது அடை வேப்பங்காயாய்க் கசந்தது. அதற்கும் ஒன்பது.

மூன்றாவது அடைக்கு மாவு கரைத்தவள் நான். உப்பை இரண்டு தடவை போட்டுத் தொலைத்திருக்கிறேன். முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணில் நீர் முட்ட அதை விழுங்கி, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, நிதானமாக ஒன்பது என்று எழுதினார். "உண்மையைச் சொல்லுங்கம்மா, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்" என்று அக்கா கெஞ்சாத குறை. அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தானுங்க இருக்குது. அப்பிடியே இல்லீன்னாலும், ஆக்கிக் கொண்டாந்தவிக மூஞ்சியப் பாத்துப்போட்டு எப்பிடிங்க கொறச்சுப் போடறது?"

முகம் பார்க்காத கணக்கு

யாருக்கு மாவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி வரிசையில்லாத எண்களின் பட்டியல்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது புள்ளியியல் சாரின் மதம். நல்ல மனிதர். ஆனால் கூடப்பிறந்த தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னாலும் அந்தப் பட்டியலைத்தான் எடுப்பார் என்று அக்கா கேலி செய்வார்.

சூலூரில் விசைத்தறி ஓடுகிற ஒரு சந்து. ருக்மணியும் பழனியம்மாளும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். இரண்டு பேருக்கும் சர்க்கரை. பட்டியல் ருக்மணிக்கு மாவு என்றது, பழனியம்மாளுக்கு இல்லை என்றது. பழனியம்மாள் சரி என்று தலையை ஆட்டினார். ருக்மணிதான் விடவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, யார் முகத்தையும் பார்க்காமல் பிரிப்பதுதான் நியாயம் என்று சார் விளக்கினார். ருக்மணி முழுதும் கேட்டுக்கொண்டு, ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார்: "ஏனுங்க சார், அந்தக் கணக்குக்கு எங்க ரெண்டு பேத்தையும் தெரியாதுங்களே, அதுகிட்டப் போயி எதுக்குங்க கேட்டீங்க?"

சொன்னதற்கு மேலே

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு கவுண்டரிடம், பத்து மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டியும் ரத்தம் எடுக்கும் ஆளுமாகப் போய் இறங்கினோம். சலவைச் சட்டை, படிய வாரிய தலையோடு வாசலில் நின்றவர், "வாங்க" என்று கும்பிட்ட கையோடு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

முந்தைய நாள் நான் சொல்லிவிட்டுப் போனதிலிருந்தே மனிதர் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லையாம். அவர் மனைவி அவரைத் திட்டிக்கொண்டே இட்லி ஊட்ட, அவர் எங்களுக்கு இலை போடச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். ரத்தம் எடுக்கிற வேலை அடுத்த வாரத்துக்குப் போயிற்று. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "ஏங்க இப்படிப் பண்ணினீங்க?" என்றேன். வாயில் இட்லியோடு அவர் சொன்னார்: "பத்து மணி நேரம்னீங்க. படிச்சவிக இத்தன தூரம் வந்து ஒண்ணு கேக்கறப்ப, சொன்ன அளவுக்கு மட்டும் செஞ்சா மரியாதையா இருக்குமுங்களா?"

ஒரு பொரியல்

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவது என் முக்கிய வேலை. சொல்லிவிட்டுப் போனால் எல்லா வீட்டிலும் நோம்பிச் சாப்பாடுதான், வடை பாயசத்தோடு. அதை அப்படியே எழுதினால் எங்கள் மாவட்டத்தில் தினமும் பொங்கல் என்று ஆகிவிடும். அதனால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மாராத்தாள் வீட்டுக்குப் போனேன். தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறவர். அடுப்பு அணைந்திருந்தது. நேற்றுக் காலையில் பழைய சோறு, இரவில் ரசம் சோறு, அவ்வளவுதான்.

நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுருங்கிப்போயிற்று. சொல்லாமல் போனது நியாயமான ஆராய்ச்சி முறைதான். ஆனால் அந்த நிமிஷம் நான் திருடியைப் போல உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது வாசல்வரை கூடவே வந்து, என் கையிலிருந்த அட்டையை மெல்லத் தொட்டு, மாராத்தாள் கேட்டார்: "எழுதறப்ப ஒரு பொரியலும் வெச்சோம்னு சேத்தி எழுதிக்குங்க அம்மணி, படிக்கறவிக நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம்

மார்ச் மாதம் எல்லா எண்களையும் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கொண்டுபோனோம். அப்போதெல்லாம் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும். பிரிண்டர் கிரீச்சிட்டுக் காகிதத்தைத் தள்ளியது. சார் அதை இரண்டு முறை படித்தார். மாவு சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. சாப்பிடாதவர்களுக்கும் சர்க்கரை இறங்கியிருக்கிறது, அதுவும் சூலூர்ச் சந்தில்தான் அதிகம். அக்கா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஜூனுக்கு மூன்று மாதம்கூட முழுசாக இல்லை.

மறுநாள் நானும் அக்காவும் சூலூருக்குப் போனோம். மாவே கொடுக்காத பழனியம்மாள் வீட்டு வாசலை மிதித்ததுமே எங்கள் வெந்தய வாசம். அடுப்பில் எங்கள் மாவு கூழாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விசாரித்தால், ருக்மணி முதல் நாளிலிருந்து தன் பங்கில் பாதியைச் சுவருக்கு மேலே கொடுத்துக்கொண்டிருக்கிறார். சந்து முழுக்க இதே கதை. மாதாமாதம் எங்கள் படிவத்தை நிரப்பும்போது ஒருவரும் பொய் சொல்லவில்லை. "மாவு மீதி உள்ளதா?" என்று கேட்டிருந்தோம், இல்லை என்றார்கள். யார் சாப்பிட்டார்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே ருக்மணி" என்று அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ருக்மணி பயந்துபோனார். ஆனாலும் சொன்னார்: "ரெண்டு பேத்துக்கும் ஒரே நோவுங்க. செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து நா மட்டும் தின்னா, தொண்டையில எறங்குமுங்களா?"

பஸ் நிறுத்தத்தில்

நான் நல்லவள் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சூலூர் பஸ் நிறுத்தத்தில், "அந்தச் சந்து வீடுகளை மட்டும் எடுத்துவிடலாம் அக்கா. மற்ற வீடுகளை வைத்துப் பார்த்தால் கொஞ்சமாவது வித்தியாசம் வரும். யாருக்குத் தெரியப் போகிறது?" என்றேன். அக்காவின் ஏழு வருடம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு பஸ்ஸை விட்டோம். மூன்றாவது வரும்போது அக்கா சொன்னார்: "எடுத்துரலாம். எடுத்துட்டு, அந்தம்மா தெனமும் பாதி குடுத்தாங்களே, அதை எந்தப் பக்கத்துல எழுதறது?"

சபையில் ஒரு கேள்வி

அக்கா அப்படியே எழுதினார். மாவு பலன் தந்ததாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். இந்த ஊர்களில் வீடு வீடாகப் பிரிக்கக் கூடாது, தெருத் தெருவாகத்தான் பிரிக்க வேண்டும் என்று ஒரு தனி அத்தியாயம். அதற்குரிய கணக்கைச் சார் ராப்பகலாக உட்கார்ந்து போட்டுக்கொடுத்தார். கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தோம். பிறகு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏழு வருடத்தில் நீங்கள் நிரூபித்ததுதான் என்ன?" என்றார். அக்கா தெரு அத்தியாயத்தைச் சொன்னார். தேர்வாளர் எதையோ எழுதினார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

வழக்கப்படி, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ருக்மணி! பக்கத்தில் பழனியம்மாள். தேதியைப் பேச்சுவாக்கில் உளறியவள் நான்தான். தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறி வருவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. ருக்மணி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேர்வாளரைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார்: "சார், மாவக் குடுத்தது நானுங்க, வாங்கித் தின்னது இவிகதானுங்க. டீச்சரம்மா மேல ஒரு தப்புமில்லீங்க. பாஸ் போடறதுன்னா அவிகளுக்குப் போடுங்க, பெயில் போடறதுன்னா எங்க ரெண்டு பேத்துக்கும் போட்டுக்குங்க."

அக்கா டாக்டர் சரஸ்வதி ஆகிவிட்டார். அந்த மாவு சர்க்கரையைக் குறைக்குமா என்பது மட்டும் இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.