மொன்ன என்றால் முந்தாநாள்

லிங்கம்மாள் அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். ஒன்பது வயது மகளிடம் டியூஷன் வாத்தியார் தவறாக நடந்துகொண்டதைக் கேட்ட அன்றே போலீசுக்குப் போனார். ஆறு வருடமாகிறது.

விசாரிக்க வீட்டுக்கு வந்த பெண் போலீஸ், "எப்ப நடந்துச்சு பாப்பா?" என்று கேட்டார். பிள்ளை தெலுங்கில் "மொன்ன" என்றாள்.

"அப்படின்னா?"

"முந்தாநாளுங்க" என்றார் லிங்கம்மாள்.

அகராதிப்படி சரிதான். ஆனால் அந்த வீட்டில் போன வாரமும் மொன்னதான், போன மாதமும் மொன்னதான். பதற்றத்தில் தாய்க்கு அது தோன்றவில்லை. முந்தாநாள் வாக்குமூலத்தில் ஒரு தேதியாக ஏறியது. அது ஞாயிற்றுக்கிழமை. டியூஷன் கிடையாது. அன்று வாத்தியார் பாலவனத்தத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். வீடியோ இருக்கிறது.

"விதி அப்படி எழுதியிருக்கு" என்றார்கள் உறவினர்கள். எழுதியது போலீஸ் ரைட்டர். அவருக்குப் பேனா உண்டு, பெயர் உண்டு. விதியைத்தான் யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதனால் பழியை அதன்மேல் போடுவது எல்லோருக்கும் வசதி.

அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்று தெலுங்கு தெரிந்த ஒருவர் கோர்ட்டில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வேலை. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, வாய்தா. வக்கீலுக்குக் காய்ச்சல், வாய்தா. நீதிபதிக்கு மாற்றல், வாய்தா. இப்படிப்பட்ட வழக்கை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த 'இயன்றவரை'க்குள் ஆறு வருடமும் அடங்கிவிட்டது. ஜாமீனில் வந்த வாத்தியார் பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கிறார்.

கோர்ட்டு வராந்தாவில், பரளச்சியிலிருந்து வாய்தாவுக்கு வரும் பெத்தம்மாள் பேச்சுக் கொடுப்பார். "எங்க நெலத்துக் கேசுக்கு இருபத்திரெண்டு வயசு ஆத்தா. பொண்ணா இருந்தா கட்டிக் குடுத்திருப்பேன். ஒங்களுது என்ன கேசு?"

"நெலந்தான்க்கா" என்பார் லிங்கம்மாள், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

இந்த ஜூனில் மொழிபெயர்ப்பாளர் வந்தார். மொன்ன என்றால் சில நாட்களுக்கு முன் என்றும் பொருள் என இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார். லிங்கம்மாளுக்கு மூச்சு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிக் கொடுத்த அடுத்த கேள்வியை நீதிபதி மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்போ, சரியா எந்த நாளும்மா?"

மகளுக்கு இப்போது பதினைந்து வயது.

"ஞாபகமில்ல மேடம். நெசமாவே மறந்துருச்சு."

அது அப்படியே பதிவானது. வாய்தா ஆகஸ்டுக்குப் போனது.

பஸ் ஸ்டாண்டில் லிங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்றவர்களுக்கும் புரியும்படி தமிழிலேயே கேட்டாள்:

"இப்ப எதுக்கும்மா அழுற? மறந்துரு, மறந்துருன்னு தெனமும் நீதான சொன்ன?"