செப்டெம்பரிலேயே லீவு கேட்ட மிலாக்கா

செப்டெம்பர் முடியப்போகிற ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என்னோடு வேலை செய்யும் வசந்தி தொலைபேசி எடுத்தாள். வசந்தி வழக்கமாக எடுத்த எடுப்பிலேயே யாரையாவது திட்டித்தான் பேச்சைத் தொடங்குவாள். அன்றைக்கு ஒருவரையும் திட்டவில்லை. "மிலாக்கா மோசம் போட்டாவாம், அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர், சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபடியே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. வயது ஐம்பத்திரண்டு.

அன்றைக்கும் நான் வேலைக்குப் போனேன்; மூவருக்கும் ஒரே முதியோர் இல்லத்தில்தான் வேலை. ஆள் குறைந்த நாளில் இன்னொரு ஆளும் வராவிட்டால் மனேஜருக்குக் கோபம் வரும். ஆள் ஏன் குறைந்தது என்பது அவருக்கு இரண்டாவது விஷயம்.

மிலாக்காவைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இந்தக் குளிர் நாட்டில், சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கும், அந்த முதியோர் இல்லத்தில் அவரோடு சேர்ந்து வயோதிபர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாயில் சோறு தீத்திய எங்கள் பெண்களுக்கும் அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இல்லத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு பொய் சொல்லப்பட்டது. எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அது அப்படியே கிடந்து உண்மையாகிவிடக் கூடாது.

மிலாக்கா பிலிப்பைன்ஸ்காரர். அவரை நாங்கள் முதலில் கண்டது 1991 செப்டெம்பரில். கண்டோம் என்பதை விட, அவருடைய ஜன்னலைக் கண்டோம் என்பதுதான் சரி. எதிர்க் கட்டடத்து ஜன்னல் ஒன்றில், மூங்கில் சிலாகையும் வர்ணக் கடதாசியும் கொண்டு செய்த பெரிய நட்சத்திரம் ஒன்று உள்ளே விளக்கெரியத் தொங்கியது. பார்த்ததும் எங்கள் பதினோராம் மாடிச் செல்வராசா அண்ணைக்கு வேர்த்துவிட்டது. அது புத்தர் திருநாளுக்குச் சிங்களவர் கட்டும் வெசாக் கூடு, யாரோ சிங்களவர் குடிவந்துவிட்டார்கள் என்று மாடி மாடியாகப் போய் எச்சரித்தார். "லிப்டுக்குள்ளை ஊர்க்கதை கதையாதேங்கோ. உவையளுக்குத் தமிழ் விளங்கும்" என்றார். வெசாக் மே மாதத்தில் அல்லவா வரும், இது செப்டெம்பர் அல்லவா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அடிபட்டு, பிடிபட்டு, கொழும்பு லொட்ஜுகளில் ஒளித்திருந்து வந்து இறங்கியவர்கள் நாங்கள். ஒரு மாதம் முழுக்க அந்தப் பெண் கடையிலும் தெருவிலும் எங்களைப் பார்த்துச் சிரித்தார், நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனோம்.

ஒக்டோபரில் எனக்கும் வசந்திக்கும் அந்த இல்லத்தில் வேலை கிடைத்தது. முதல் நாளே எங்களுக்கு வேலை பழக்க வந்து நின்றவர் அந்த 'சிங்களத்தி'. செல்வராசா அண்ணையின் கதையைப் பிறகொரு நாள் அவருக்குச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் நாட்டில் செப்டெம்பர் முதலாம் திகதி வானொலியில் கிறிஸ்மஸ் பாட்டுத் தொடங்கிவிடும் என்றும், அன்றைக்கே நட்சத்திரக் கூடு ஏறிவிடும் என்றும், டிசெம்பர் வரை காத்திருப்பவர்களைப் பார்த்தால் தங்களுக்குப் பாவமாக இருக்கும் என்றும் சொன்னார். தங்கள் ஊரிலும் மூத்தவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம், முறை சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு மிலாக்கா.

ஒரு நாள் மதியம் வசந்தி பிட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மிலாக்கா எட்டிப் பார்த்துவிட்டு அசந்துபோனார். மூங்கில் குழலில் அவித்துத் தேங்காய்ப்பூப் போடும் இதே சாமானை ஊதா நிற அரிசியில் செய்து, கிறிஸ்மஸுக்கு முன் விடியற்காலைப் பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் வாங்கிச் சாப்பிடுவார்களாம். "நீங்கள் இதைக் கண்டபாட்டுக்கு இரவுச் சாப்பாடாகச் சாப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்குத் தினமும் கிறிஸ்மஸ்" என்றார். வசந்தி அதற்குப் பிறகு பிட்டுக் கொண்டு வந்தால் அவருக்கும் ஒரு பங்கு கட்டாமல் வந்ததில்லை.

இவ்வளவும் இனிப்பான பக்கம். அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்களுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும்.

மிலாக்கா எண்பதுகளின் நடுவில் இங்கே வந்தவர். ஒரு பணக்கார வீட்டில் தங்கியிருந்து அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்தார். தன்னுடைய ஒரே மகள் கிறேஸை ஆறு வயதில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கணவர் வேறு குடும்பம் ஆகிவிட்டார். ஒவ்வொரு செப்டெம்பரும் வரவேற்பறையின் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து குந்திவிடும். அதற்குள் சவர்க்காரம், டின் இறைச்சி, சொக்கலேற், துவாய், மகளுக்குச் சப்பாத்து. கப்பலில் போய்க் கிறிஸ்மஸுக்கு முன் சேரவேண்டுமென்றால் அப்போதே அனுப்பவேண்டும். சப்பாத்து வாங்கும்போது மகளின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று உத்தேசமாகத்தான் வாங்குவார். ஒரு தடவை வசந்தியின் மகளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பிள்ளையின் காலில் போட்டுப் பார்த்து வாங்கினார். அன்றைக்கு நான் கூடப் போயிருந்தேன். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இல்லத்திலும் செப்டெம்பர் முதலாம் திகதி சாப்பாட்டு மண்டபத்தில் கூடு கட்டுவார். வயோதிபர்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். பெயர் மறந்தவர்கள்கூட அவரைக் கண்டால் பாட்டை முணுமுணுப்பார்கள். "செப்டெம்பர் வந்திட்டுது, இனி ஒருத்தரும் அழக்கூடாது" என்பதைத் தமிழில் பழகிவைத்திருந்தார், எங்களைக் கண்டால் சொல்வார். கூட்டைக் கட்டி முடித்த கையோடு, தான் செய்த அரிசிக் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு மனேஜரின் அறைக்குப் போவார். டிசெம்பர் இருபத்துநாலு மாலையும் இருபத்தைந்தும் லீவு கேட்கத்தான். அவர்களுக்கு இருபத்துநாலு நள்ளிரவுப் பூசைக்குப் பிறகு குடும்பமாக இருந்து சாப்பிடுவதுதான் கிறிஸ்மஸ். மற்ற எல்லாம் அதற்கான ஆயத்தம்.

முதல் வருடங்களில் மனேஜர் சொன்ன பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். உனக்கு இங்கே குடும்பம் இல்லையே மிலா, சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு முதலில் கொடுக்கவேண்டும் அல்லவா என்பார். கேக் நன்றாக இருக்கிறது என்றும் சொல்வார். மிலாக்கா சிரித்துக்கொண்டு வெறும் தட்டோடு வெளியே வருவார்.

1995இல் கிறேஸ் வந்தாள். வந்தபோது வயது பதினேழு. ஆறு வயதில் விட்ட பிள்ளையைத் தாய் விமான நிலையத்தில் அடையாளம் பிடிக்கத் தடுமாறினார் என்பதை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அந்தச் செப்டெம்பரில் மிலாக்கா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேக்கோடு போனார். இப்போது என் மகள் இங்கே இருக்கிறாள், அவளோடு இருந்து சாப்பிடவேண்டும் என்றார். மனேஜர் மிகவும் சந்தோஷப்பட்டார். பிறகு, மகள் வளர்ந்துவிட்டாளே மிலா, சின்னப் பிள்ளை இல்லையே என்றார்.

இதை நான் வாசலில் நின்று என் காதால் கேட்டேன். பிள்ளை சின்னவளாக இருந்தபோது பிள்ளை இங்கே இல்லை என்றார்கள். பிள்ளை இங்கே வந்தபோது பிள்ளை சின்னவள் இல்லை என்றார்கள். மிலாக்கா வெளியே வந்து என் கையில் ஒரு கேக்கை வைத்துவிட்டு, "எங்களைப் போல ஆக்கள் பண்டிகையை முதலே தொடங்கிவிடவேண்டும், நாள் வரும்போது வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்" என்றார். நான் சிரிக்கவில்லை.

கிறேஸ் முதல் வருடம் தாய் வரும்வரை மேசையில் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டாம் வருடமும் இருந்தாள். அதன் பிறகு பக்கத்து நகரமான ஒஷாவாவில் வேலை கிடைத்து அங்கேயே அறை எடுத்துப் போய்விட்டாள். கிறிஸ்மஸுக்குச் சிநேகிதிகளின் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். தாயும் மகளும் தொலைபேசியில் பேசுவதும் குறைந்துகொண்டு வந்தது. நாங்கள் கேட்டால், அவள் செய்வதும் சரிதானே என்று சொல்லிவிட்டு மிலாக்கா வேறு கதைக்கு மாறிவிடுவார்.

போன வருடம் வசந்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் எங்கள் ஷிப்டை எத்தனையோ வருடமாகச் செய்து தந்தவர் மிலாக்கா. மனேஜர் அதற்கெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை. அந்த நாட்கள் என்ன நாட்கள் என்றே அவருக்குத் தெரியாது. ஆகவே கிறிஸ்மஸுக்கு மிலாக்காவின் ஷிப்டை நாங்கள் இருவரும் பங்குபோட்டுச் செய்கிறோம் என்று போய்க் கேட்டோம். நாங்கள் சைவம், எங்களுக்கு அது சும்மா ஒரு வியாழக்கிழமை என்றாள் வசந்தி. மனேஜர் மாட்டேன் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கிறிஸ்மஸ் அன்றைக்கு மிலா இல்லாமல் எப்படி, செப்டெம்பரில் இருந்து அவள்தானே எல்லோரையும் கிறிஸ்மஸுக்கு ஆயத்தப்படுத்துகிறாள், பார்க்க வரும் குடும்பங்கள் எல்லாம் அவளைத்தானே தேடுவார்கள் என்றார்.

விளங்குகிறதா? அந்த மனிசி தன் ஊரின் கிறிஸ்மஸை அள்ளிக்கொண்டு வந்து அந்த மண்டபத்தில் கொட்டினார். கொட்டிய குற்றத்துக்காகவே அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்திருந்தால் ஒருவேளை அனுப்பியிருப்பார்கள். சிவப்புத் தொப்பி போட்டு நிற்கும் அவருடைய படத்தை இல்லத்தின் வாழ்த்து அட்டையில் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். அதை வாங்கி மகிழ்ந்த, அந்த வயோதிபர்களின் பிள்ளைகளெல்லாம் தங்கள் தங்கள் வீடுகளில் அப்பா அம்மா இல்லாமல் நிம்மதியாகக் கிறிஸ்மஸ் கொண்டாடினார்கள்.

இந்த வருடமும் செப்டெம்பர் முதலாம் திகதி மிலாக்கா தட்டோடு போனார். பார்ப்போம் என்றாராம் மனேஜர். பார்ப்பதற்குள் ஆள் போய்விட்டார்.

இனி அந்தப் பொய். அஞ்சலிக் கூட்டத்தை அதே சாப்பாட்டு மண்டபத்தில் வைத்தார்கள். மேலே அவர் கட்டிய கூடு தொங்க, கீழே அவருடைய படம். மனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். மிலா கிறிஸ்மஸை அவ்வளவு நேசித்தாள், ஒவ்வொரு கிறிஸ்மஸையும் எங்களோடு கழிப்பதையே அவள் தெரிந்தெடுத்தாள், நாங்கள்தான் அவளுடைய குடும்பம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் கறுப்பு உடுப்போடு கிறேஸ் இருந்தாள். அவள் கை தட்டவில்லை, அழவுமில்லை. தலையை மெல்ல ஆட்டினாள். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேட்பவளைப் போல இருந்தது அந்த ஆட்டம்.

கூட்டம் முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு இங்கே நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள், அது நல்லதுதான் என்றாள் ஆங்கிலத்தில். பிறகு, நான் வந்த முதல் கிறிஸ்மஸுக்கே எனக்கு விளங்கிவிட்டது, அம்மாவுக்கு இவர்கள்தான் குடும்பம், நானோ அவர் பெட்டி அனுப்புகிற விலாசம் மட்டும்தான் என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் எல்லாம் எப்போதோ ஆறிக் கல்லாகிப் போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, மிலாக்கா மகளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. லீவு கேட்டதையும் சொல்லவில்லை, மறுத்ததையும் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தன் தாய் ஒரு வாசலில் தட்டோடு நின்று கெஞ்சுகிறார் என்று மகளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. எங்கள் வீடுகளிலும் நாங்கள் அதைத்தானே செய்கிறோம்.

நான் கிறேஸின் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கேக்கையும், மனேஜரின் ஒவ்வொரு பதிலையும், நாங்கள் போய்க் கேட்டதையும் சொன்னேன். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒவ்வொரு வருஷமும் கேட்டாவா?"

ஓம் என்றேன். நீ வருவதற்கு முன்பும் கேட்டார், வந்த பிறகும் கேட்டார், இந்தச் செப்டெம்பரிலும் கேட்டார் என்றேன். கிறேஸ் அந்த இடத்திலேயே, கோட்டோடு, ஒரு சக்கர நாற்காலியில் இருந்துவிட்டாள். "எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் இங்கே வந்து அவவோடை நிண்டிருப்பன். சோறு தீத்தியிருப்பன்" என்றாள். அவள் சொன்ன ஆங்கிலம் எனக்கு இந்தத் தமிழில்தான் கேட்டது. பிறகு அழுதாள். மூன்று கிறிஸ்மஸ்கள் தாய் ஒரு இடத்திலும் மகள் ஒரு இடத்திலுமாக ஒருவருக்காக ஒருவர் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு வேளை சேர்ந்து சாப்பிட விடுவதால் அந்த இல்லம் இடிந்து விழுந்திருக்காது.

மிலாக்காவின் பாட்டுகள் எனக்கு வராது. கூடு கட்டவும் வராது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கேட்கும் பழக்கம் ஒன்றைத்தான். போன கிழமை மனேஜரின் அறைக்குப் போய், இருபத்துநாலு மாலையும் இருபத்தைந்தும் எனக்கு லீவு வேண்டும் என்றேன். அது உங்களுடைய பண்டிகை இல்லையே என்றார். எங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை சாப்பிட வருகிறாள், ஒஷாவாவில் இருந்து வருகிறாள், பெயர் கிறேஸ் என்றேன். மனேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டு, பார்ப்போம் என்றார்.

நாளைக்கும் போவேன். மறுநாளும் போவேன். மிலாக்கா கேட்கும்போது சிரித்துக்கொண்டு கேட்டார். நான் சிரிக்கப்போவதில்லை.