மலைக்கு ஆள் எடுக்க வந்தவன்

கட்டுக்கதை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். திருவொற்றியூரில் அன்று பதினேழு பேர் கண்ணால் பார்த்தார்கள். செல்லம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

1927, கத்திரி வெயில். பிற்பகல் மூன்று மணி. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கருணாகரன், பூவரச மரத்தடியில் நின்று மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அங்கே கரித்தூள் கிடையாது, ஆலைச் சங்கு கிடையாது. விடிந்தால் வாசலுக்கே மேகம் வரும். குடும்பத்துக்கு ஒரு வீடு. தூரத்து அருவி தவிர வேறு சத்தமே கேட்காதாம்.

செல்லம்மாவின் புருஷன் நீலமேகம் ராயபுரத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றுபவன். இருமினால் கறுப்பாகத் துப்புவான். மலைக்காற்று பட்டால் பிழைத்துக்கொள்வான் என்று நம்பி, கைநாட்டு வைக்கத்தான் அவள் வந்திருந்தாள்.

மூன்று இருபது இருக்கும். முதுகில் சில்லென்று ஏதோ பட்டது. திரும்பினாள்.

பின்னால் ஒருத்தி. அந்த வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்... அவள் காலடியில் சிவப்புச் சேறு. இந்தக் கடற்கரை மணலில் ஏது சிவப்பு மண்?

"கங்காணி," என்றாள் அவள். "ராவுல கதவு எப்டி கீதுன்னு சொல்லலியே."

கருணாகரன் முகம் வெளுத்தது.

"யாரு நீ?"

"நெட்டுக்குப்பம் ராஜாத்தி. நீதான இட்டுகினு போன."

எல்லாச் சத்தமும் நின்றது. காக்கை, அலை, வண்டி... எதுவுமில்லை. மூன்றரைக்கு ஆலைச் சங்கு ஊதியதாம். அடுத்த தெருவில் கேட்டது. மரத்தடியில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவன் பற்கள் கிட்டின. மூச்சு பனிபோல் வெளியே வந்தது.

"கதவத் தொற," என்றாள் அவள்.

விழுந்தான்.

செல்லம்மா அவன் கையைத் தொட்டாள்.

பனிக்கட்டி.

கம்பளிக்காரியைக் காணோம்.

அன்று யாரும் கைநாட்டு வைக்கவில்லை.

ஆடி மாதம், தோட்டத்திலிருந்து தப்பி வந்த லட்சுமணன் விவரம் சொன்னான். ஆட்கள் ஓடிவிடாமலிருக்க, தினமும் ராத்திரி குடியிருப்புகளைக் கருணாகரன் வெளியிலிருந்து பூட்டிவிடுவானாம். போன ஐப்பசி மழையில் மலை சரிந்தது. சேறு ஏறுவதைப் பார்த்தவன், பூட்டைத் திறக்காமலே கீழே ஓடிவிட்டான்.

ராஜாத்தியையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் தோண்டி எடுத்தவர்களில் லட்சுமணனும் ஒருவன். அவள் விரல் பத்திலும் நகம் இல்லை. எல்லாம் கதவுப் பலகையில் குத்திக்கொண்டிருந்தன.