ஜல்லிமேல் நாலு முட்டை

"பறக்கிறதைக் காட்டிப் பிழைக்கிறவன்..." என்று ஆரம்பித்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் பெரியப்பா ஏதோ சொன்னார். மீதி பிரெஞ்சில் போயிற்று; புரிந்தும் மறந்துவிட்டேன். இருபது வருஷம் பாரிஸில் குப்பைகொட்டிவிட்டு ஊர் திரும்பி, விடிகாலையில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுகிறேன். இதே தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்குத் தெரியும்: பறவை வராவிட்டால் நம் குற்றம், வந்தால் அவர்கள் கேமராவின் திறமை.

இந்த ஆனியில் எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. தவளக்குப்பத்து மனையில் ஆடி பிறக்குமுன் அஸ்திவாரம் போட்டாக வேண்டும். அரியாங்குப்பத்தில் மச்சான் வீட்டு மாடி அறையில் ஒண்டியிருந்தோம். என் மனைவி அதற்குள் பாத்திரங்களைக்கூட அட்டைப்பெட்டியில் கட்டிவிட்டாள்.

வராத பூநாரை

ஆற்றோரத்தில் ஒரு சென்னைத் தம்பதிக்கு மீன்கொத்தி, கொண்டலாத்தி, செம்போத்து என்று வரிசையாகக் காட்டினேன். அம்மையார் கொட்டாவி விட்டார். அவருக்குப் பூநாரைதான் வேண்டுமாம். அது எப்போதாவது வரும் விருந்தாளி என்று விளக்கினேன்.

"அப்ப ஓட்டல்காரங்க மட்டும் எப்படி சார் சுவத்துல வரைஞ்சு வெச்சிருக்காங்க?"

முந்திக்கொண்ட குடித்தனம்

அன்றே மேஸ்திரி போன் செய்தார். மனையில் கொட்டியிருந்த ஜல்லியை அள்ளப்போன ஆளின் தலையைக் குறிவைத்து ஒரு பறவை பாய்ந்ததாம். போய்ப் பார்த்தேன். ஆள்காட்டிக் குருவி. ஜல்லிக்கு நடுவே ஜல்லி நிறத்திலேயே நாலு முட்டை. நகர்த்தினால் தாய் திரும்பாமல் போகலாம், குஞ்சு பொரித்து இறங்கி ஓட ஒரு மாசம் ஆகும் என்றேன். மேஸ்திரி ஆடியில் வேலை தொடங்க மாட்டார்.

"பத்தடி தள்ளி வெச்சிரலாம் சார், அதுக்கென்ன பட்டாவா இருக்குது?"

எடுப்பான படம்

இரண்டு நாள் கழித்து, ஒன்றுமே அகப்படாத ஒரு காலையில், வாடிக்கையாளர் முகம் வாடக்கூடாதே என்று ஒருவரை அந்த மனைக்கே கூட்டிப்போனேன். கூட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று உபதேசிக்கும் அதே நான்தான். தாயும் தந்தையும் கத்திக்கொண்டு எங்கள் தலைக்குமேல் சுற்றின. காவலில்லாத முட்டைக்காக மேலே ஒரு காக்கா பொறுமையாக வட்டமிட்டது. அவரோ படம் சரியில்லை என்று சலித்துக்கொண்டார்.

"முட்டைக்கு அடியில கொஞ்சம் பச்சைத் துணி விரிச்சா எடுப்பாத் தெரியும் சார்."

அவரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

மாடி அறை

இரவுச் சாப்பாட்டில், முட்டை பொரிக்கும்வரை அஸ்திவாரம் இல்லை என்று சொன்னேன். மனைவி எழுந்துபோய், ஒரு பெட்டியைப் பிரித்துத் தோசைக்கல்லை வெளியே எடுத்தாள். மச்சான் மீன் முள்ளை நிதானமாக ஒதுக்கிவைத்தார்.

"இப்போதைக்கு ரூம் காலியாவாதுன்னு நேரா சொல்லுங்க மாப்ள, எதுக்குக் குருவியை இழுக்குறீங்க?"

மறுநாள் ஜல்லியைச் சுற்றிச் சற்று எட்டக் கயிறு கட்டி, அஸ்திவாரத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்தேன்; அந்த மனைக்கு இப்போது யாரையும் கூட்டிப்போவதில்லை.