குதிகாலால் மிதிக்கும் கியர்

ராயப்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடை வாசலில் பொட்டலத்துக்குக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். என்னைப் போலவே பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். கடைக்கு வந்து சேரும்போதே, கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் ரோட்டை விட்டுவிட்டுக் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார்.

“கியரே விழ மாட்டேங்குதுப்பா” என்றார். கிளட்ச் கேபிளையும் கியர் லீவரையும் ஏற்கெனவே மாற்றியிருந்தார்.

எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கூட்டிப்போனேன். அவன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். எல்லா கியரும் சுத்தமாக விழுந்தன.

“வண்டி நல்லாத்தான் கீது நைனா. செருப்பக் கழட்டு.”

பெருவிரலுக்கு அடியில் கண்ணாடிச் சில்லு ஏறி, ரத்தம் கறுத்துக் கிடந்தது. அவரும் அப்போதுதான் அதைப் பார்த்தார். மெக்கானிக் அதை இடுக்கியால் பிடுங்கியபோது அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை.

“சுகர் கீதா?”

“இருக்கு. ஆனா வண்டியிலயும் எதுனா இருக்கும், நல்லா பாருப்பா. வண்டின்னா சரி பண்ணிக்கலாம்.”

மெக்கானிக் குதிகாலாலும் மிதிக்கிற மாதிரி ஒரு நீள லீவரை மாட்டிக்கொடுத்தான்.

“மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ.”

“படுக்க வச்சிட்டா? வூட்டுல வேற யாரு சம்பாதிக்கிறது?”

அதற்குள் போனில் மயிலாப்பூர் ஆர்டர் வந்துவிட்டது. கிளம்பியதும் குனிந்து குதிகாலைப் பார்த்தார். முதல் கியரிலேயே வண்டி அலறிக்கொண்டு போனது. இரண்டாவது விழுமா என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். தெருமுனை திரும்பும்வரை அந்த அலறல் மாறவில்லை.