அறுகாலி கண்டால் ஏற்றாதே

எனக்கு ஒரு நல்ல சொல் கிடைத்துவிட்டால் சோறு இறங்காது. 'அறுகாலி' கிடைத்த அன்றும் அப்படித்தான்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. மரச் சாமான்கள் கன்டெய்னரில் ஏறுமுன் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பூச்சி என்றால் எங்கள் லோடிங் ஆட்களுக்குச் சிலந்தியும் பூச்சி, பூரானும் பூச்சி. எதைக் கண்டாலும் வேலையை நிறுத்துவார்கள். எனக்கு வேண்டியதோ மரத்தைத் துளைக்கும் வண்டு. அதற்கு ஆறு கால், ஆகவே அறுகாலி. அடடா! 'அறு' என்றால் வெட்டு என்றும் பொருள் உண்டே! பூச்சியின் உடம்பும் கழுத்திலும் இடுப்பிலும் அறுத்த மாதிரிதான் இருக்கிறது. பூச்சிக்கு ஆங்கிலத்தில் 'இன்செக்ட்', அதன் வேரும் 'வெட்டுப்பட்டது' என்பதுதானாம். தற்செயல்தான், இருந்தாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினேன்: 'அறுகாலி கண்டால் ஏற்றாதே.'

மறுநாள் காலையில் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மதியம் வந்தால் கன்டெய்னர் பாதி காலி. பள்ளிக்கூட பெஞ்சுகள் எல்லாம் வெளியே நிற்கின்றன. நான்கு மணிக்குள் வண்டி ஹார்பர் போகாவிட்டால் கப்பல் போய்விடும். நான் சேர்ந்து மூன்றே மாதம், சீட்டு கிழிந்துவிடும்.

"இன்னாண்ணே இது?" என்று லோடிங் மேஸ்திரியிடம் கத்தினேன்.

"நீதானம்மா எழுதிக்கீறே? நாலு கால் இருந்தா நாற்காலி, மூணு இருந்தா முக்காலி. இந்த பெஞ்சுக்கு எண்ணிப் பாரு, ஆறு கீது!"

கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. "அறுகாலின்னா பூச்சிண்ணே!"

"அப்ப பூச்சின்னு எழுதறதுதானே? பேஜாரா கீதுமா உன்னோட" என்று அவரே ஒரு பெஞ்சைத் தூக்கினார். பெஞ்சுக் காலிலிருந்து மர மாவு கொட்டியது. கவிழ்த்தால் குண்டூசி அளவில் துளைகள். தட்டினேன். கறுப்பாக ஒரு வண்டு வெளியே வந்தது.

காலையில் நான் கவிழ்த்துப் பார்க்காமல் விட்ட பெஞ்சு. கையெழுத்துப் போட்ட தாளை நானே கிழித்தேன். கப்பல் போனது. திட்ட வந்த மேனேஜர் வண்டைப் பார்த்ததும் மருந்தடிக்கிற ஆளுக்குப் போன் போட்டார்.

நான் அட்டையைக் கழற்றப் போனேன். மேஸ்திரி குனிந்து வண்டின் கால்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆறுதாம்மா கீது. பெஞ்சும் அறுகாலி, உள்ள கீறதும் அறுகாலி. போர்டு அங்கயே இருக்கட்டும்."