ஊர் பச்சையான கதை

ஜெயராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. புதுக்கோட்டையில் நிலத்தடி நீர் வரைபடம் போடும் ஆபீசில் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்த ஊரில் எவ்வளவு தண்ணீர் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள். கடைசியில் அவள் பிறந்த ஊரே, ஆவூர்ப் பக்கத்துக் கரட்டுக்காடு, படத்தில் பச்சையாக வந்து நின்றது. பச்சை என்றால் தண்ணீர் தாராளம். தாராளம் என்றால் புதுக் குடிநீர்த் திட்டத்தில் அந்த ஊருக்கு இடமில்லை.

அந்த ஊரில்தான் அவள் அம்மா அந்தோணிமேரி, வாரம் இரண்டு நாள் வரும் டேங்கர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்துக்கிடக்கிறாள்.

சேட்டிலைட் மேல் தப்பே இல்லை. வானத்திலிருந்து எடுத்த படம், பாறை, சரிவு, மழை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது ஊர் சிவப்பாகத்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் சொன்ன போர்க்கிணற்று ஆழத்தைச் சேர்த்ததும் பச்சையாகிவிட்டது. எண்ணூறு அடி போட்ட புண்ணியவான்கள் அத்தனை பேரும் இருநூறு, இருநூற்றி இருபது என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் தண்ணீர் மேலாகவே கிடைக்கிறது என்று கணக்கு எடுத்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால், அளவுக்கு மீறித் தோண்டியதாகக் கரண்ட் சர்வீஸைப் பிடுங்கிவிடுவார்களாம். அதில் முதல் பெயர் அவள் அப்பா ஆரோக்கியமுத்து. போர் போட்டபோது அவள் ஹாஸ்டலில் இருந்தாள். அவர் போனில் சொன்னதை அப்படியே நம்பிப் படிவத்தில் ஏற்றியவளும் அவளேதான்.

வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து போர்க்காரர்கள் சரியான ஆழமும் நீர்மட்டமும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் திருத்தலாம் என்றார் ஆபீசர். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"மொதல்ல ஒங்கப்பா போடட்டும், பெறகு நான் போடுறேன்," என்றாள் சின்னப்பிள்ளை அத்தை. மற்ற மூன்று பேரும் அதே பாட்டைப் பாடினார்கள்.

அப்பாவோ சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "இருநூத்தி இருவதுதான். போயி வேலையப் பாரு."

"மாதா மேல சத்தியமா சொல்லுங்கப்பா."

"மாதாவ எதுக்கு இழுக்குற?"

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சர்வீஸ யாரும் புடுங்கமாட்டாங்கன்னு ஆயிரம் தடவ சொல்லியாச்சு! அங்கிட்டு அம்மாவுக்கு இடுப்பு ஒடியுது, ஒங்களுக்கு இந்தப் பொய்யி பெருசாப் போச்சா? ஒங்க போர நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!"

அவர் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.

"எண்ணூத்தி அறுவதுன்னு போடு புள்ள. நீர்மட்டங்கிற எடத்துல ஒண்ணும் எழுதாத. வத்தி மூணு மாசமாச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மோட்டாரு ரிப்பேருன்னு சொல்லி வச்சிருக்கேன். நெலக்கடல புடுங்குன காடு, சும்மாக் கெடக்கு, யாருக்கும் தெரியல. வத்துன காடுன்னு தெரிஞ்சா ஒந் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச எவன் வருவான்?"

அந்தக் காகிதத்தோடு அவள் சின்னப்பிள்ளை அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை, அப்பா கையெழுத்துப் போட்டிருந்ததை இரண்டு தடவை படித்தாள். தன் போருக்கு எழுநூற்றித் தொண்ணூறு அடி என்று எழுதிவிட்டு, நீர்மட்டம் என்ற கட்டத்தை அவளும் காலியாக விட்டாள். அடுத்த வீட்டிலும் அப்படியே.

பொழுது சாய்வதற்குள் ஐந்து கையெழுத்தும் சேர்ந்துவிட்டன. ஐந்திலும் அந்தக் கட்டம் காலி.